பகலில் தூங்கும் வீடு

மார்ச் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. எடுத்தாலும் இரண்டாவது நிமிடத்தில் நீ ஒன்று சொல்லி, நான் ஒன்று சொல்லி, யாராவது ஒருத்தி துண்டித்துவிடுகிறோம். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். பாதியில் கிழித்துப் போட்டால் போடு. ஆனால் பாதி வரையாவது படி.

மாப்பிள்ளை நேற்று என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நீ மறைத்ததை எல்லாம் அவர் சொன்னார். இரண்டு அறை வீட்டை விட்டு ஒற்றை அறைக்கு மாறி நான்கு மாதம் ஆகிறதாம். அவர் இரவுப் பேருந்து ஓட்டுகிறாராம். சுகாதார நிலையத்து நர்ஸ் நம் குழந்தை உருண்டையின் வளர்ச்சி அட்டையில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டாளாம். “ரெண்டே கால் வயசு ஆச்சுக்கா. ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறா. நான் சொன்னேன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க,” என்றார். இதோ, சொல்லிவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

சமூக நலத் துறையின் வரைவுப் பிரிவில் ஒன்பது வருடமாக என் மேசைக்கு வருவது இதே விஷயம்தான். பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை ஒரு குழந்தைக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காமல் போகிறது என்று எத்தனையோ அறிக்கைகள் படித்திருக்கிறேன். அதனால்தான் பதறுகிறேன். இந்த வயதில் குழந்தையிடம் பேசப் பேசத்தான் பேச்சு வரும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். அவளை மடியில் வைத்துக்கொள், முகத்தைப் பார்த்துப் பேசு, அவள் பதில் சொல்லும் வரை காத்திரு. நான்கு படப் புத்தகங்கள் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

குழந்தைக்கான உதவித்தொகை நின்றுபோனதைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எனக்கே தெரியும்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

முழுவதும் படித்தேன், கிழிக்கவில்லை. தாள் வழவழப்பாக இருக்கிறது. அரசாங்கத் தாளா?

இருபது நிமிடம் பேசச் சொல்கிறாய். எந்த இருபது நிமிடம் என்று நீயே எடுத்துக் கொடு. காலை ஐந்தரைக்கு அவர் டிப்போவிலிருந்து வருவார். ஆறரைக்கு நான் கிளம்ப வேண்டும். ஏழு மணிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முதல் மூட்டை என் கையில் இருக்க வேண்டும். மூன்று மணி வரை அங்கே. அதுவரை உருண்டை பக்கத்து அறைத் தையல்காரியிடம் இருப்பாள். நல்லவள்தான். ஆனால் அவள் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் இருப்பது சுவர் அல்ல, பலகை. இந்தப் பக்கம் அவர் தூங்குகிறார். ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்களே, அவளிடம் நிஜமாகவே ஊசி இருக்கிறது, விழுந்தால் கேட்கிறது. மூன்றரைக்கு நான் வந்து பிள்ளையை எங்கள் அறைக்கு அழைத்து வருவேன். அப்போதும் அவர் தூக்கத்தில்தான் இருப்பார். ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, சாப்பிட்டு, ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். அவர் படி இறங்குவதற்குள் பிள்ளைக்குக் கண் சொருகிவிடும்.

“கொஞ்சம் சத்தம் இருந்தால் என்ன, தூங்கட்டுமே” என்று நீ சொல்வாய். இரவு வண்டிக்குப் போன முதல் மாதமே ஒரு திருப்பத்தில் அவருக்கு ஒரு கணம் கண் இருண்டுவிட்டது. வண்டியில் நாற்பது பேர். மண் மேட்டில் ஏறி நின்றதால் பிழைத்தார்கள். வீட்டுக்கு வந்து குடிக்காத டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அவர் தூக்கத்தை நான் காவல் காக்கிறேன். பிள்ளையும் காக்கிறாள். நுனிக்காலில் நடக்கிறாள். கரண்டி கை தவறி விழுந்தால் கரண்டியைப் பார்க்க மாட்டாள், அப்பா முகத்தைத்தான் பார்ப்பாள். விரலை உதட்டில் வைத்து “ஷ்ஷ்” என்பாள். அவளுக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான். அதை அட்டையில் எழுதிக்கொள்ள நர்ஸிடம் இடம் இல்லை.

நர்ஸ் கேட்டாள்: “வீட்ல யாரும் பேசவே மாட்டீங்களாம்மா?”

“பேசுவோம். மெதுவா பேசுவோம்.”

“பிள்ளைகிட்ட பேசணும்மா. போன்லயே இருந்தா எப்படி?”

என் போன் உடைந்து இரண்டு மாதம் ஆகிறது. நீ அடித்தது அவருடைய போனுக்கு. அதனால்தான் எடுக்கவில்லை, அதில் பாதி உண்மை.

மீதிப் பாதி உனக்கே தெரியும். போன ஆகஸ்டில் இன்னொரு ஓட்டுநர் கால் முறிந்து படுத்தபோது இவர் அவருக்கும் சேர்த்து ஓட்டினார். அடுத்த மாதமே உதவித்தொகையைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. கடந்த மாத வருமானம் என்ன என்று கேட்டிருந்தது. உன்னைக் கேட்டேன். “கூட வந்ததை எழுதவாக்கா?” என்றேன். “உண்மைய எழுது. ஒரு மாசம்தானே, ஒண்ணும் ஆகாது,” என்றாய். எழுதினேன். ஒரு ஜோடி பிள்ளைச் செருப்பு விலைக்கும் குறைவான தொகையில் வரம்பைத் தாண்டியிருந்தோம். நிறுத்திவிட்டார்கள். ஆறு மாதம் மறுபடி விண்ணப்பிக்கவும் கூடாது என்றார்கள். வாடகை கட்ட முடியவில்லை, அறை மாறினோம். அதற்கும் போதவில்லை, அவர் இரவு வண்டிக்குப் போனார். இரவு வண்டிக்குக் கூடுதல் படி உண்டு, அதனால் இப்போது ஒவ்வொரு மாதமும் வரம்புக்கு மேலே இருக்கிறோம். இதில் எங்கே இறங்குவது என்று உன் அறிக்கைகளில் தேடிச் சொல்.

புத்தகங்கள் வந்தன. மூன்று நன்றாக இருக்கின்றன. நான்காவதில் பொத்தானை அமுக்கினால் மாடு கத்துகிறது. அதை எங்கே வைப்பேன்? தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 22

சின்னவளே,

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிவிட்டேன்.

இருபது நிமிடம் என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். அது எங்கள் பிரிவு அச்சடிக்கும் துண்டுத் தாளில் உள்ள வரி. அதையே உன்னிடமும் நீட்டிவிட்டேன்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். “கடந்த ஒரு மாத வருமானம்” என்று படிவத்தில் இருக்கும் அந்த வரி என் கையெழுத்தில்தான் முதலில் பிறந்தது. மூன்று வருடத்துக்கு முன் வரைவு என் மேசைக்கு வந்தபோது “ஓராண்டு வருமானம்” என்றுதான் இருந்தது. ஆண்டுக் கணக்கு கேட்டால் ஆளுக்குப் பன்னிரண்டு காகிதம் பார்க்க வேண்டும், ஊழியர்கள் திணறுவார்கள் என்று நான்தான் அடித்து மாற்றினேன். ஓரத்தில் “சரிபார்க்க எளிது” என்று குறிப்பும் எழுதினேன். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். இயக்குநர் என்னைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அந்த மகிழ்ச்சியில் வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நானே ஒரு குடை வாங்கிக்கொண்டேன். ஒரு மாதம் மட்டும் அதிகமாக ஓட்டும் ஓட்டுநர் ஒருவர் உலகத்தில் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் சம்பளம் எல்லா மாதமும் ஒன்றுதான், பார்.

நீ போன் செய்து “எழுதவா” என்று கேட்டபோது, ஒரு மாதத்துக்காக நிறுத்த மாட்டார்கள் என்று நிஜமாகவே நம்பினேன். நானே எழுதிய விதியை நானே சரியாகப் படிக்கவில்லை.

கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன். பழைய வீடு காலியாகத்தான் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார், அதன் முன்பணத்துக்கு ஆகும். கோபித்துக்கொள்ளாமல் வாங்கிக்கொள்.

அடுத்த மாதம் இந்த விதிகளை மறுபரிசீலனை செய்யக் குழு கூடுகிறது. நானும் அங்கே உட்காரப் போகிறேன். உன் வீட்டில் ஒரு நாள் எப்படி நகர்கிறது என்று நீ எழுதிய மாதிரி எனக்கு யாரும் எழுதியதில்லை. இன்னும் எழுது. திட்டினாலும் பரவாயில்லை.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கோபம் இல்லை. சரி, கொஞ்சம் கோபம். அந்த வரியை எழுதியது நீ என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு வாரம் திறக்கவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் “அவங்க வேணும்னா செஞ்சாங்க?” என்று உனக்குத்தான் பரிந்து பேசுவார்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். இது உனக்கு மட்டும். வெளியே தெரிந்தால் என் வேலைக்கு ஆபத்து.

போன வெள்ளிக்கிழமை தையல்காரிக்குக் காய்ச்சல். பிள்ளையை விட ஆள் இல்லை. அவர் அப்போதுதான் வந்து படுத்திருந்தார். விடுப்புக் கேட்டால் அந்த நாள் சம்பளம் போகும். என்ன தைரியமோ தெரியவில்லை, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்கே போய்விட்டேன். குழந்தைகளை உள்ளே விடக் கூடாது என்று வாசலிலேயே பலகை இருக்கிறது. மேற்பார்வையாளர் அம்மா என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். “எனக்குக் கண்ணு சரியா தெரியல,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சூடான குழாய்கள் எல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம். துவைத்து மடித்த போர்வைகள் போகும் தள்ளுவண்டி ஒன்றை இந்தப் பக்கச் சுவரோரமாக நிறுத்தி அதற்குள் அவளை உட்கார வைத்தேன். ஏழே காலுக்கு முதல் எந்திரம் ஓடத் தொடங்கியது. நீ பார்த்ததில்லை, ஒவ்வொன்றும் ஓர் ஆள் உள்ளே நிற்கும் அளவுக்குப் பெரிய உருளை. ஓடினால் தரையே அதிரும். நாங்கள் ஒருவரோடு ஒருவர் கத்தித்தான் பேசுவோம்.

சத்தம் வந்ததும் உருண்டை மிரண்டுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எந்திரத்தைப் பார்த்து விரலை உதட்டில் வைத்து “ஷ்ஷ்” என்றாள். அது அடங்கவில்லை. இரண்டாவது எந்திரமும் ஓடியது. மறுபடி “ஷ்ஷ்” என்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். எல்லோரும் கத்திக்கொண்டிருக்கிறோம், யாரையும் யாரும் அதட்டவில்லை. யாரோ தூக்கத்திலிருந்து எழுந்து வருவார்கள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, கதவையே பார்த்தபடி இருந்தாள். ஒருவரும் வரவில்லை.

பிறகு வாயைத் திறந்தாள் அக்கா. முதலில் வெறும் சத்தம்தான். “ஆ” என்று. தன் குரலைத் தானே கேட்டுச் சிரித்தாள். பிறகு வண்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்று, “சுத்துது! சுத்துது! அம்மா, சுத்துது!” என்றாள். நான் மடித்துக்கொண்டிருந்த போர்வை கையிலிருந்து நழுவிவிட்டது. “பெரிசு!” என்றாள். “தண்ணி! வெள்ள! அங்க பாரு!” என்றாள். இதெல்லாம் எப்போது கற்றாள்? நான் காதோடு காதாகக் கிசுகிசுத்ததை எல்லாம் செலவழிக்காமல் உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். இஸ்திரி உருளையில் நிற்பவள் அதை நிறுத்திவிட்டு வந்து, “இது பேசாத பிள்ளைன்னு எந்த மகராசி சொன்னா?” என்று கேட்டாள். நான் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்ததும் அவர் தூங்குவதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. ஏதோ கடையைச் சாத்துவது மாதிரி.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்தது நிம்மதியா? குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது அதைவிட மோசமா? சொல்.

உன் தங்கை


ஏப்ரல் 20

சின்னவளே,

உன்னிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். நீ வேறு யார் வாயிலிருந்தோ கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன்.

வியாழக்கிழமை குழு கூடியது. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், சுவரில் வரைபடம். வருமானம் குறையக் குறையக் குழந்தைகள் தெரிந்துவைத்திருக்கும் சொற்களும் குறைகின்றன என்று ஒரு கோடு காட்டியது. நான்தான் அதைத் தயாரித்தவள். ஒருவர் எழுந்து, “அடிப்படையில் இது தாய்மார்களின் விழிப்புணர்வுப் பிரச்சினை. ஒரு துண்டுப் பிரசுரம் அடிச்சு வீடு வீடா கொடுத்துடலாம்,” என்றார். நான்கைந்து பேர் ஆமாம் என்றார்கள். தேநீர் வந்தது. அடுத்த விஷயத்துக்குப் போகப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள்.

என்னால் உட்கார முடியவில்லை. உன் கடிதம் என் பையில் இருந்தது. ஒரு வாரமாக அதை எங்கே போனாலும் கொண்டுபோகிறேன். எடுத்தேன், படித்தேன். உன் பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, எனக்கு என்ன உறவு என்றும் சொல்லவில்லை. ஆகஸ்ட் மாத வருமானம், அறை மாறியது, இரவு வண்டி, சலவைக்கூடம். “கடையைச் சாத்துவது மாதிரி” என்ற இடத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. மூக்கைச் சிந்திக்கொண்டு முடித்தேன்.

துண்டுப் பிரசுரக்காரர் திருப்பிய பக்கத்தைப் பழையபடி புரட்டினார். நிதித் துறையிலிருந்து வந்தவர், இதுவரை எதற்கும் வாய் திறக்காதவர், “அந்த எந்திரத்தைப் பார்த்து ‘ஷ்ஷ்’ சொன்ன இடத்தை இன்னொரு தடவை படிங்க,” என்றார். படித்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “ஒரு மாத வருமானம்னு எந்தப் புத்திசாலி எழுதினது?” என்று கேட்டார். நான்தான் என்றேன். ஆண்டு வருமானமாக மாற்றப் பரிந்துரை செய்வது என்று முடிவாயிற்று.

உனக்கு மட்டும் என்று எழுதியிருந்தாய். அதை மறந்து படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நினைவிருந்தது, படித்தேன்.

அக்கா


மே 2

நீ பெயர் சொல்லவில்லை. சரி. இரவு வண்டி ஓட்டும் கணவன், இரண்டே கால் வயதுப் பெண் குழந்தை, மருத்துவமனைச் சலவைக்கூடம். எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தாய்?

கூட்டக் குறிப்பு எல்லா மருத்துவமனைக்கும் போயிருக்கிறது. விதி மீறல் எங்கே நடந்தது என்று நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து விசாரித்தார். மேற்பார்வையாளர் அம்மாவுக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் பாக்கி. அவரை நிற்க வைத்துக் கேட்டார்கள். அவர் தனக்குத் தெரியாது என்றார். பொய் சொல்லி அவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நான் முன்னால் வந்து, “நான்தான்” என்றேன். பத்து நாள் சம்பளமில்லாமல் இடைநீக்கம். இனி ஒரு முறை நடந்தால் வேலை இல்லை.

உண்மையை எழுது என்றாய், எழுதினேன். இன்னும் எழுது என்றாய், அதையும் எழுதினேன். இரண்டு முறை எனக்கு நல்லது செய்துவிட்டாய். போதும். எழுதாதே.


மே 9

சின்னவளே,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொள். மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை, நடந்தது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

அந்தக் கடிதத்தை எழுதியது என் தங்கை, அவளைக் கேட்காமல் படித்தது என் தவறு, அதற்காக அவளைத் தண்டிக்கக் கூடாது என்று இயக்குநரிடம் எழுத்தில் கொடுத்தேன். மருத்துவமனை தன் விதிப்படி நடந்திருக்கிறது, அதில் தலையிட முடியாது என்றார். உறவை மறைத்துக் குழுவில் பேசியதற்காக என்னை வரைவுப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கள்கிழமையிலிருந்து கீழ்த்தளத்தில் குறை கேட்கும் மேசை. ஜன்னல் இல்லை, வரிசை மட்டும் உண்டு. முதல் நாளே ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து நின்றாள். “நிறுத்திட்டீங்க, ஏன்னு யாரும் சொல்லல,” என்றாள். அவள் காகிதத்தைப் பார்த்தேன். நான் எழுதிய வரிதான் அவளையும் நிறுத்தியிருந்தது.

இன்னொன்று. ஆண்டு வருமானம் என்ற மாற்றம் உறுதியாகிவிட்டது. ஜனவரியிலிருந்து. உதவித்தொகை மூன்று வயது வரைதான், உருண்டைக்கு டிசம்பரில் மூன்று முடிகிறது. உன் பிள்ளையை வைத்து வாங்கிய விதி உன் பிள்ளைக்குக் கிடைக்காது. இதை எப்படி எழுதினாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அடித்து அடித்து எழுதிப் பார்த்துவிட்டேன்.

அக்கா


ஜூன் 17

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுத உட்காருவேன், கோபம் வரும், எழுந்துவிடுவேன். இப்போதும் வருகிறது. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இதையெல்லாம் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அந்தப் பத்து நாளும் பகலில் வீட்டில் இருந்தால் நானும் அவளும் சேர்ந்து நுனிக்காலில் நடக்க வேண்டும். அதனால் அவர் படுத்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன். சந்தைக்குப் பின்னால் ரயில் மேம்பாலம் இருக்கிறது, அதற்கு அடியில் சரக்கு லாரிகள் நிற்கும் இடம். அங்கே எந்நேரமும் இரைச்சல்தான். அவளுக்கு அதுதான் வேண்டும். ரயில் போகும்போதெல்லாம் கத்துவாள். லாரிக்காரர்களிடம் பேசுவாள். மூன்றாம் நாள் ஒருவர் அவளுக்கு “ஹாரன்” என்று சொல்லிக் கொடுத்தார். அன்று முழுவதும் அதே வார்த்தைதான்.

ஆறாம் நாள் அவருக்குப் பாதித் தூக்கத்தில் விழிப்புத் தட்டியிருக்கிறது. எங்களைக் காணோம். தையல்காரி சொல்லி, மேம்பாலத்துக்குத் தேடி வந்தார். அவர் வந்ததை நாங்கள் பார்க்கவில்லை. மேலே ரயில் போகிறது, கீழே இவள் கையை ஆட்டிக்கொண்டு, “போ! போ! சீக்கிரம் போ!” என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். நான் திரும்பினால் அவர் நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

“இது யாரு குரல்?” என்று கேட்டார்.

“உங்க மக குரல்தான்.”

“எப்பேர்ந்து?”

“ஏப்ரல்லேர்ந்து. வெளிய மட்டும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க தூங்க மாட்டீங்க.”

அவர் எழுந்தார். அவளைத் தூக்கப் போனார். அவள் அவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு விரலை உதட்டுக்குக் கொண்டுபோனாள். அந்த விரலைப் பிடித்து இறக்கிவிட்டார். “கத்து. அப்பாவுக்கும் கேக்கணும், கத்து,” என்றார். அவள் கத்தவில்லை. அன்று கத்தவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை அக்கா.

மறுநாள் காலை வேலை முடிந்ததும் தூங்காமல் டிப்போ மேலாளரிடம் போய் நின்றிருக்கிறார். பகல் வண்டி கொடுத்துவிட்டார்கள். கூடுதல் படி போயிற்று. இதிலே ஒரு வேடிக்கை கேள். என் பத்து நாள் சம்பளமும் போய், அவர் படியும் போனதால், மே மாதத்தில் நாங்கள் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டோம். ஆறு மாதத் தடையும் மார்ச்சிலேயே முடிந்திருந்தது. படிவம் கொடுத்தேன். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை மறுபடி வரும் என்று கடிதம் வந்திருக்கிறது. வேலையிலிருந்து நீக்கி வைத்து எனக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுத்திருக்கிறாய். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வர இரண்டு நாள் ஆயிற்று.

ஜூன் மாதம் மட்டும் கை கடிக்கிறது. நீ முன்பு அனுப்பிய பணத்தை மறுபடி அனுப்பு. ஒரு முறைதான். கேட்பது எனக்குச் சுலபமாக இல்லை, அதனால் பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே.

சலவைக்கூடத்தில் நாங்கள் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டு, குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பழைய துணி அடுக்கும் அறை சும்மாதான் கிடக்கிறது. பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கும் தெரியும். அடுத்த வாரம் மறுபடி போய் நிற்போம்.

நர்ஸ் திரும்பவும் அட்டை காட்டினாள். இருபது படத்தில் உருண்டை பதினொன்றுக்குப் பெயர் சொன்னாள். இன்னும் அவள் வயதுக்கான கோட்டுக்குக் கீழேதான். சிவப்பு வட்டத்தை அழிக்கவில்லை, பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி போட்டாள், மேல் நோக்கி. போன எட்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள் என்று நர்ஸிடம் கேட்க முடியுமா? வீட்டில் இன்னும் பாதி நேரம் கிசுகிசுக்கிறாள். நான் பாத்திரத்தை வேண்டுமென்றே டங்கென்று வைக்கிறேன்.

மாடிப்படிக்குக் கீழே உள்ள அறைக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர் இரவுக் காவல்காரர். இரண்டு சின்னப் பிள்ளைகள். மூன்று வாரமாக அந்த அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டதில்லை. அந்தப் பெண்ணிடம் பேசினேன். உதவித்தொகைக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டால், நிராகரித்துவிட்டார்கள் என்கிறாள். காரணம் தெரியாதாம். “எங்கக்கா குறை கேக்குற மேசையிலதான் உக்காந்திருக்கா, சொல்லவா?” என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு நேற்றுச் சரி என்றாள். அவளுடைய காகிதங்கள் இத்துடன் இருக்கின்றன. அவள் சரி என்றது உனக்குக் காட்டத்தான். வேறு எங்காவது படிக்க வேண்டும் என்றால் முதலில் அவளைக் கேள்.

போன ஞாயிற்றுக்கிழமை உருண்டையை அவர் வண்டியில் அழைத்துப் போனேன். முன் இருக்கையில், அவருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். நடத்துனர் ஒவ்வொரு நிறுத்தமாகக் கூவிக்கொண்டு வந்தார். இவள் நாலைந்து நிறுத்தம் வரை சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நடத்துனருக்கு முன்னால் தானே கூவத் தொடங்கிவிட்டாள். “சந்தை! சந்தை இறங்கு! பாலம்! ஆஸ்பத்திரி இறங்கு!” வண்டி முழுக்கச் சிரிப்பு. அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். காது சிவந்திருந்தது.

வண்டி ஆஸ்பத்திரியைத் தாண்டி வெகுதூரம் போயாயிற்று. நடுவழி, நிறுத்தமே இல்லாத இடம். இவள் மறுபடியும், “ஆஸ்பத்திரி! இறங்கு!” என்றாள். பின்னால் தூங்கி வழிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் பதறி எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். “வந்துடுச்சா? நிறுத்துங்கப்பா, நிறுத்துங்க!” என்றார். இது ஆஸ்பத்திரி இல்லை என்று நடத்துனர் சிரித்துக்கொண்டே சொல்ல வந்தார்.

அதற்குள், மகள் சொன்ன இடத்தில், அவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

உன் தங்கை